1187-க்கு முன்னால்

பட்டறைமேடு நடுநிலைப் பள்ளியின் கூரைமேல் ஒரு லாரியின் நம்பர் இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். போன வருஷம் ஐப்பசி மழையில் ஓடு உடைந்து ஐந்தாம் வகுப்புக்குள் தண்ணீர் கொட்டியபோது, சௌந்திரம் தான் வேலை பார்க்கும் தார்ப்பாய்க் கடையிலிருந்து ஒரு பழைய தார்ப்பாயைக் கேட்டு வாங்கிவந்தாள். ஏணி போட்டு ஏறி, ஓட்டின்மேல் விரித்து, நாலு மூலையிலும் கயிறு இழுத்துத் தானே கட்டினாள். லாரித் தார்ப்பாய் என்றால் மூலையில் வண்டியின் நம்பரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அந்த மூலை ரோட்டுப் பக்கமாக அமைந்துவிட்டது. மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை ‘லாரி கிளாஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மணி அடித்ததும் ‘ரைட், ரைட்’ என்று கத்திக்கொண்டேதான் உள்ளே போவார்கள்.

அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார்கள். படிக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவர்தான் அந்தப் பொறுப்புக்கு வரவேண்டும். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கூரைமேல ஏறுன அக்காவையே போட்ருங்க. அது எதுக்கும் பயப்படாது.”

கை தட்டி முடித்துவிட்டார்கள். சௌந்திரம் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. கடையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்போது நாலாவது படித்த மகள் அபிநயாதான் ஓடிவந்து சொன்னாள்.

“அம்மா, நீ தலைவி ஆயிட்டே!”

“எதுக்கு?”

“ஸ்கூலுக்கு!”

“சரி, உன்ற கால்ல செருப்பு எங்க?”

சௌந்திரத்துக்கு நாற்பது வயது. பிறந்தது, படித்தது, கட்டிக்கொடுத்தது எல்லாமே நாமக்கல் பட்டறைமேட்டுக்குள்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளும், பெயிண்டர்களும், தார்ப்பாய்க் கடைகளும் நெருக்கியடிக்கும் இடம் அது. அப்பா லாரி டிரைவர், கணவர் வேல்முருகனும் லாரி டிரைவர். அவள் எட்டாவது வரைக்கும் இதே பள்ளியில் படித்தாள். ஒன்பதாவதுக்கு பைபாஸ் ரோட்டைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் அப்பா நிறுத்திவிட்டார். அவர் கோபப்படவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்த ரோட்டுல என்னையாட்டம் ஆளுங்கதான் ஓட்டிட்டு வாராங்க. தூங்காம ரெண்டு நாள் ஓட்டுன கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ தாண்ட வேண்டாஞ் சாமி.”

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் குணசீலன் அண்ணனின் தார்ப்பாய்க் கடையில் போய் நின்றாள். இருபத்தாறு வருஷமாக அங்கேதான் தைக்கிறாள்.

அங்கே அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு வண்டியின் நம்பரைப் பார்த்தால் போதும், அது எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவாள். நம்பர்கள் வரிசையாகத்தான் வரும். ஒரு எழுத்து தீர்ந்தால் அடுத்த எழுத்து. 9999 தீர்ந்தால் மறுபடி ஒன்று. ‘இந்த சீரிஸ் தொடங்கி ஆறு மாசம் இருக்கும்’ என்பாள். டிரைவர்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். குணசீலன் இதைவைத்து வாடிக்கையாளரிடம் டீக்குப் பந்தயம் கட்டுவார். அவர் தோற்று யாரும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தலைமை ஆசிரியை வித்யா டீச்சர் போன் செய்தார். ஆத்தூர்க்காரர். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், அன்றைக்கு மூச்சுவிடாமல் பேசினார்.

“சௌந்திரம், ஆபீஸ்ல இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. நம்ம ஓட்டுக் கட்டிடத்தை இடிக்கப்போறாங்க. நூறு வருஷம் ஆன பள்ளிக்கூடம்னா நூற்றாண்டுப் பட்டியல்ல சேர்த்து, இதே இடத்துல புதுக் கட்டிடம் கட்டித் தருவாங்களாம். பட்டியல்ல இல்லைன்னா ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பையும் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளியோட சேர்த்துடுவாங்க.”

சௌந்திரத்தின் கால் மிஷினின் மிதிமேல் அப்படியே நின்றுவிட்டது. அபிநயா ஜூன் மாதம் ஆறாவது போகவேண்டியவள்.

“நம்ம ஸ்கூலுக்கு எத்தனை வயசுங்க டீச்சர்?”

“ஆபீஸ் ரெக்கார்டுல தொடங்கின வருஷம் 1949. எழுபத்தாறு வயசுதான் ஆகுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பட்டியலை முடிச்சிடுவாங்க.”

“எழுபத்தாறா? எங்கப்பாரு சின்னப் பையனா இருக்கறப்பவே இது பழைய ஸ்கூலுன்னுதானுங்க சொல்லுவாங்களாம். அரிசி மண்டி ஷெட்டுல தொடங்குனது, பொறவுதான் ஜில்லா போர்டுக்காரங்க எடுத்துக்கிட்டாங்கன்னு.”

“சொல்றாங்க. காகிதம் இல்லையே!”

சௌந்திரம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “இருங்க டீச்சர், வாரேன்.”

பீரோவின் அடித்தட்டில் இருந்து வித்யா டீச்சர் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது மிகப் பழையது. அட்டையில் 1949 என்று மசியால் எழுதியிருந்தது. சௌந்திரம் முதல் பக்கத்தைப் பிரித்தாள். ஜூன் மாதத் தேதி. முதல் வரியில் ஒரு பையனின் பெயர். அதற்கு இடது பக்கம் சேர்க்கை எண்.

1187.

“டீச்சர்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். “இது ஒண்ணுல ஆரம்பிக்கலீங்க! ஆயிரத்தி நூத்தி எம்பத்தேழு!”

“அதை நானும் பார்த்திருக்கேன். முன்னாடி இருந்த பக்கம் கிழிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

“கிழிஞ்சா ஒரு பக்கம் கிழியும், ரெண்டு பக்கம் கிழியும். ஆயிரத்தி நூத்தி எம்பத்தாறு பேரு கிழிவாங்களா? இது புது சீரிஸ் இல்லீங்க டீச்சர். ஓடிட்டிருக்கற சீரிஸ். வண்டி கைமாறியிருக்கு, நம்பர் மாறலை!”

வித்யா டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இருவரும் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினார்கள். 1950-ல் ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். 51-ல் நாற்பத்தெட்டு. 52-ல் ஐம்பது. வருஷத்துக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டு 1187-ஐப் பின்னால் ஓட்டிப் பார்த்தால் ஏறக்குறைய இருபத்துநான்கு வருஷம் வந்தது.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு” என்று வித்யா டீச்சர் மெல்லச் சொன்னார். “சௌந்திரம், சரியா நூறு வருஷம்!”

புதன்கிழமை காலை கல்வி அலுவலகம் திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். அலுவலர் அம்மா பொறுமையாகக் கேட்டார். பதிவேட்டைப் பார்த்தார். சிரித்தார்கூட.

“நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. ஆனா நம்பரை எங்கிருந்து வேணாலும் ஆரம்பிக்கலாம்னு யாராவது சொன்னா நான் என்ன பதில் சொல்றது? எனக்குக் கணக்கு வேண்டாம்மா, காகிதம் வேணும். 1925-னு தேதி போட்ட ஏதாவது ஒரு காகிதம். ஒண்ணே ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன்.”

வெளியே வந்ததும் சௌந்திரம் படிக்கட்டிலேயே நின்று போனை எடுத்தாள். லாரி டிரைவர்களின் வாட்ஸாப் குழுக்கள் நான்கில் அவள் இருந்தாள். தார்ப்பாய் தயாரானால் தகவல் போடுவதற்காகச் சேர்த்திருந்தார்கள். மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அண்ணா, தம்பி, எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் குணசீலன் கடை சௌந்திரம் பேசறேன். நம்ம பட்டறைமேடு ஸ்கூலுக்கு நூறு வயசு ஆயிருச்சு, ஆனா ஆபீஸ்ல நம்ப மாட்டேங்கறாங்க. உங்க தாத்தன், முப்பாட்டன் யாராவது அங்க படிச்ச சர்டிபிகேட்டு எந்தப் பொட்டியில இருந்தாலும் போட்டோ எடுத்துப் போடுங்க. 1949-க்கு முந்தி இருக்கோணும். உங்களுக்கு ஹெவி லைசென்ஸ் வாங்கிக் குடுத்த ஸ்கூலுங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள!”

கடைசியாகச் சொன்னது சும்மா இல்லை. ஹெவி லைசென்ஸ் வேண்டுமென்றால் எட்டாவது தேறியிருக்கவேண்டும் என்று வெகுகாலம் விதி இருந்தது. அந்தக் காலத்தில் பட்டறைமேட்டு ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்புச் சான்றிதழ்தான் ஸ்டியரிங்குக்குப் போகும் வழி. மீசை முளைத்த பிறகும் எட்டாவதில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு போன் துள்ள ஆரம்பித்தது. நாக்பூரிலிருந்து, குவாஹாட்டியிலிருந்து, விஜயவாடா டோல்கேட்டிலிருந்து. கடைக்குத் திரும்பி மிஷினில் உட்கார்ந்தும் ஒரு தையல்கூடப் போட முடியவில்லை. 1988 சான்றிதழ், 1971 சான்றிதழ், ஒருவர் அவசரத்தில் தடுப்பூசிச் சான்றிதழ், இன்னொருவர் ஜாதகம். சான்றிதழ் இல்லாதவர்கள் கதையை அனுப்பினார்கள். லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையை வேப்பமரத்தில் தொங்கவிட்டுத்தான் அங்கே மணி அடித்தார்கள் என்றார் ஒருவர். இப்போதும் அதே பட்டைதான் தொங்குகிறது என்று சௌந்திரம் பதில் போட்டாள். கிணறு வற்றிய வருஷம் எட்டாம் வகுப்புப் பையன்களே இறங்கித் தூர் வாரினார்கள் என்று இன்னொருவர். பெண்பிள்ளைகளுக்கென்று முதலில் ஒரே ஒரு பெஞ்சுதான் போட்டார்கள், அதில் இடம்பிடிக்க என் அக்கா காலை ஆறு மணிக்கே போய்விடுவாள் என்று ஒரு பெரியவர். குணசீலன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டுச் சிரித்தார்.

“ஏம்புள்ள, தார்ப்பாய் தெக்கறயா, ரேடியோ ஸ்டேசன் நடத்தறயா?”

“ரெண்டு நாளைக்கு உடுங்கண்ணா.”

“நான் எங்க புடிச்சேன்? அந்த ஜாதகத்தை மறுபடி காட்டு, என்ற மச்சினிக்குப் பொருந்துதான்னு பாப்போம்.”

வியாழக்கிழமை முழுவதும் அப்படியே போனது. கிடைத்ததில் மிகப் பழையது 1953. பைபாஸ் பக்கமிருந்து லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் சௌந்திரம் தைப்பதை நிறுத்திவிட்டுப் போனைத் திறந்து பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மோகன்குமார் என்ற டிரைவர் கூப்பிட்டான். பட்டறைமேட்டுக்காரன்தான். வண்டி ஓடும் சத்தத்துக்கு நடுவில் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“அக்கா, நீங்க தேடற காகிதம் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க.”

“எங்க?”

“மோகனூர்ல குழந்தைவேல் அய்யா ஊட்டுல. அவரு கேஸ் கட்டுல இருக்குது. அவிங்க ஆத்தா ஆத்தாயி நம்ம ஸ்கூல்ல படிச்சதுக்குச் சர்டிபிகேட்டு. 1925, நாலாம் நம்பரு.”

சௌந்திரம் எழுந்து நின்றுவிட்டாள். “உனக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“எங்க தாத்தனைக் கோர்ட்டுல தோக்கடிச்ச காகிதமுங்க்கா அது! ஆத்தாயிக்கு எங்க தாத்தன் அண்ணன். நெலத்துக்கேஸு. இன்னைக்கும் எங்கப்பனுக்கும் அவருக்கும் கேஸ் ஓடிட்டிருக்குது. அந்தக் காகிதத்தைத் திட்டாத நாளே எங்க ஊட்டுல இல்ல.”

“அப்பறம் ஏன் சாமி எனக்குச் சொல்ற?”

“எட்டாவதுல ரெண்டு தடவை பெயிலானவன் நானு. மூணாவது தடவை டீச்சருங்க உக்காரவெச்சுப் பாஸ் பண்ண உட்டாங்க. கேஸ் வேறீங்க்கா, ஸ்கூல் வேற. எங்கப்பன்கிட்ட மட்டும் நாஞ்சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க.”

லோடு இறக்கப் போயிருந்த குணசீலனின் குட்டியானை வண்டி திரும்பிவந்து, அதில் இருவரும் மோகனூர் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. காவிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே, கரும்புக் காட்டுக்கு நடுவில் வீடு. குழந்தைவேல் அய்யாவுக்கு எண்பத்திரண்டு வயது. வெயிலில் நின்று, வெட்டிய கரும்பை லோடு ஏற்றுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். மருமகள் அங்கம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சௌந்திரம் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

“என்ற கேஸ் கட்டுல இருக்கறது உனக்கு யாரு சொன்னது அம்மிணி?”

சௌந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவசரத்தில் யோசிக்கவும் தெரியவில்லை.

“மோகன்குமாருங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள். குழந்தைவேல் அய்யா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

“அப்பிடியா சங்கதி. மாமன் மகன் பையனை உட்டுத் தூண்டில் போடறானா? கேஸ் கட்டை வெளிய எடுத்துட்டு வரவெச்சு, பொறவு காணாமப் பண்ணறதுக்கா? அம்மிணி, அறுவது வருசமா அந்தக் கட்டு இந்த ஊட்டுப் படி தாண்டினது கோர்ட்டுக்கு மட்டுந்தான். நீங்க கெளம்பலாம்.”

குணசீலன் சௌந்திரத்தைப் பார்த்த பார்வையில், ‘உன் வாயில் தார்ப்பாய் ஊசியால் நாலு தையல் போட்டால் என்ன’ என்று இருந்தது. அவள் நகரவில்லை.

“அய்யா, தோத்த காகிதம் தோத்ததுதானுங்களே. இப்ப மறுபடி எதுக்கு அவங்க கேஸ் போட்டாங்க?”

“எதுக்கா? டவுனு வக்கீலு ஒருத்தனைப் புடிச்சிருக்கான். அந்த வக்கீலு சொல்றான், பட்டறைமேடு ஸ்கூலே 1949-லதான் தொடங்குச்சாம், ஆபீஸ் ரெக்கார்டுல இருக்குதாம், அதனால எங்க ஆத்தா 1925-ல படிச்சதுங்கறதே பொய்யி, காகிதமே போலியாம்! எங்க ஆத்தா போலியா?” அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “அவ அப்பன் அவ பேருக்கு எழுதிவெச்ச மூணு ஏக்கரா. அண்ணங்காரன் கையெழுத்து வாங்கி எடுத்துக்கிட்டான். அப்ப அவளுக்குப் பதினெட்டு வயசு ஆவலைன்னு காட்டுனது அந்த ஸ்கூல் காகிதந்தான். கையெழுத்துப் போடத் தெரிஞ்சதால மாட்டுனா. அதைக் கத்துக்குடுத்த ஸ்கூலுதான் அவளை மீட்டுச்சு.”

சௌந்திரத்துக்கு உச்சந்தலையில் யாரோ தட்டியதுபோல் இருந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அய்யா! அந்த 1949 ஒழியோணும்னுதானுங்க நானும் வந்திருக்கறேன்! ஆபீஸ்ல அதைத் திருத்தி 1925-னு எழுதிட்டா அந்த வக்கீலு அப்பறம் என்ன பேசுவான்? எங்களுக்கு ஸ்கூல் தங்கும். உங்க காகிதத்தைப் போலின்னு சொல்ல யாருக்கும் வாய் இருக்காது.”

லோடு ஏற்றுகிறவர்கள்கூடக் கரும்புக் கட்டைத் தோளில் வைத்தபடி நின்று கேட்டார்கள்.

“காகிதத்தை என்ற கையில குடுக்க வேண்டாம். நான் தொடக்கூட மாட்டேன். நீங்களே மடியில வெச்சுக்கிட்டு வாங்க, நீங்களே காட்டுங்க, நீங்களே கட்டிக் கொண்டாந்துருங்க.”

குழந்தைவேல் அய்யா ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“உனக்கு இதுல என்ன அம்மிணி?”

“என்னைய எட்டாவதோட நிறுத்திட்டாங்கய்யா. ரோட்டைத் தாண்டோணும்னு. என்ற புள்ள ஆறாவதுலயே தாண்டோணுமாம்.”

அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

“அங்கம்மா! என்ற வெள்ளை வேட்டிய எடு!”

வேட்டி மாற்றி, பெட்டியைத் திறந்து, கட்டை எடுத்து, அதற்குத் திருநீறு பூசி அவர் புறப்படுவதற்குள் மணி நாலு. சிவப்புத் துணியில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தது அந்தக் கட்டு. குட்டியானையின் முன்சீட்டில் குணசீலனுக்கும் சௌந்திரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, அதை மடியில் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

“பொறத்தால வெச்சாக் காலை நீட்டி உக்காரலாமுங்களே” என்றார் குணசீலன்.

“நீ ரோட்டைப் பாரு சாமி.”

ஐந்து கிலோமீட்டர்கூடப் போயிருக்கமாட்டார்கள். கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒன்றின் டிரெய்லர் சாய்ந்து பாதி ரோட்டில் கரும்பு சரிந்து கிடந்தது. மணி நாலு பத்து. குணசீலன் தலையில் கை வைத்தார். சௌந்திரம் கதவைத் திறந்து குதித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரிந்த கரும்பை வாரி ஓரமாக வீசினாள். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கிவந்து கை கொடுத்தார்கள். ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் முன்னால் நடந்தபடியே கை காட்டினாள்.

“வா, வா, வா! லெப்ட்டுல ஒடிங்கண்ணா! இன்னும் ஒடி! ரைட்! ரைட்டேய்!”

பக்கத்திலிருந்த டிராக்டர்க்காரர் சத்தமாகச் சிரித்தார். “ஏனுங்க, கிளீனர் வேலைக்கு வாறீங்களா? என்ற பையன் சுத்த மோசம்.”

“அஞ்சு மணிக்கு அப்பறம் வாரனுங்க!”

கல்வி அலுவலகத்தின் முன்னால் வண்டி நின்றபோது மணி நாலு நாற்பத்தைந்து. வித்யா டீச்சர் 1949 பதிவேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். எல்லாரும் ஒரே கூட்டமாக உள்ளே போனார்கள்.

குழந்தைவேல் அய்யா மேசையின்மேல் கட்டை வைத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். எத்தனையோ காகிதம். அடியிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து விரித்தார்.

“பாருங்க. தொடாதீங்க.”

அலுவலர் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ‘பட்டறைமேடு எலிமெண்டரி ஸ்கூல்’ என்று முத்திரை. பெயர் ஆத்தாயி. சேர்க்கை எண் 4. சேர்ந்த நாள் 15-6-1925. கொடுத்த வருஷம் 1938. மேலே, கோர்ட்டு குத்திக் கொடுத்த நீல முத்திரை.

அலுவலர் அம்மா நிமிர்ந்தார். “காகிதம் நல்ல காகிதம்தான். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த எலிமெண்டரி ஸ்கூலும் இந்த நடுநிலைப் பள்ளியும் ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றது? அது மூடிப்போய், அதே இடத்துல இது புதுசா வந்திருக்கலாமே?”

மணி நாலு ஐம்பது. குழந்தைவேல் அய்யா, “இதென்ன, இங்கயும் வக்கீலா?” என்று முணுமுணுத்தார். வித்யா டீச்சரின் முகம் வாடிவிட்டது. சௌந்திரம் அந்தப் பழுப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தலைமை ஆசிரியரின் கையெழுத்து. சண்முகவேல் என்று எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து, பெயருக்கு அடியில் ஓடவிட்டு, நுனியில் ஒரு சுழி. லாரி பெயிண்டர் பெயர் எழுதி முடிக்கும்போது இழுப்பானே, அதேபோல.

“டீச்சர், அந்த நோட்டைப் பிரிங்க! மொதப் பக்கம்!”

வித்யா டீச்சர் பிரித்தார். 1187. அந்தப் பக்கத்தின் அடியில், அதே சண்முகவேல், அதே கோடு, அதே சுழி. பதினொரு வருஷத்தில் சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

“ஒரே ஆளு!” என்று குணசீலன் கத்தினார். “ஓனர் மாறியிருக்கான், டிரைவர் மாறலை!”

அலுவலர் அம்மா சிரித்தேவிட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பட்டியலை எடுத்து, ஒரு வரியில் 1949-ஐ அடித்து மேலே 1925 என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணி நாலு ஐம்பத்தேழு. நகல் வேண்டும் என்றதும் எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குக் குழந்தைவேல் அய்யாவே தாளைக் கொண்டுபோனார். மிஷினின் மூடியை மூடவும் திறக்கவும் அவர்தான். “உள்ளார இழுத்துக்காதே?” என்று இரண்டு தடவை கேட்டார். திரும்பிவந்து, திருத்திய வரிக்கும் ஒரு நகல் வாங்கிக்கொண்டு, கட்டுக்குள் வைத்து மூன்று முடிச்சும் போட்டார்.

கிளம்பும்போது சௌந்திரத்தின் பக்கம் சாய்ந்தார். “அந்த மோகன்குமாரு... அவனை ஒரு நாள் மோகனூர் வரச்சொல்லு. அவிங்கப்பனுக்குத் தெரிய வேண்டாம்.”

சௌந்திரம் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போனாள். விடுமுறைக்கு முன்னதான சாயங்காலம், மைதானத்தில் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ‘தொடக்கம் 1949’ என்ற பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரு லாரி பெயிண்டர் ஏணியோடு நின்றார். வண்டியில் வரும்போதே குணசீலன் போன் போட்டு அவரை வரவழைத்திருந்தார். பெயிண்டர் 1925 என்று எழுதி முடித்தும் இறங்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு தாமரை, அந்தப் பக்கம் ஒரு கழுகு என்று போட ஆரம்பித்தார்.

“என்னங்க இது, பள்ளிக்கூடமா லாரியா?” என்று வித்யா டீச்சர் பதறினார்.

“நூறு வருசம் ஓடியிருக்குதுல்லங்க டீச்சர்” என்றார் அவர், பிரஷை எடுக்காமலே. “அதெல்லாம் போட்டாத்தான் கெத்து.”

அபிநயா ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சேலையெல்லாம் கரும்புத் தோகை கீறின அடையாளம்.

“அம்மா, ஆறாவது எங்க?”

“இங்கதான்.”

“ஏழாவது?”

“இங்கதான்.”

“எட்டாவது?”

“இங்கதான்” என்று சொல்லிக்கொண்டே சௌந்திரம் கூரைமேல் இருந்த பழைய தார்ப்பாயை நிமிர்ந்து பார்த்தாள். கட்டிடம் எழும்பும் வரைக்கும் கொட்டகையில்தான் வகுப்பு நடக்கும். அதற்குப் புதுத் தார்ப்பாய் வேண்டும். நாளைக்கே தைக்கத் தொடங்கலாம். மூலையில் என்ன நம்பர் எழுதுவது? 1187 என்று யோசித்தாள். பிறகு நாலு என்று யோசித்தாள். ஆத்தாயிக்கு முன்னால் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. போனை எடுத்து மைக் படத்தை அழுத்தினாள்.

“அண்ணா, தம்பி, எல்லாருக்கும் வணக்கமுங்க. செயிச்சுட்டோம்! இன்னும் மூணு பேரு மட்டும் பாக்கி...”

வேப்பமரத்தில் தொங்கும் பட்டையைக் காவலாளி இரண்டு தட்டுத் தட்டினார். பிள்ளைகள் பைகளை வாரிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினார்கள், ‘ரைட், ரைட்’ என்று கத்திக்கொண்டே.